ஐப்பசிக்கு முன்னால் யார் வீட்டுக் கூரை?

புரட்டாசி பிறந்து பத்து நாள் ஆனதும் எங்கள் தெருவுக்கு ஒரு சைக்கிள் வரும். தெருவுக்குள் வராது. தெருமுனை மதகுக்கட்டையோடு நின்றுவிடும். பண்ணை வீட்டுக் காரியக்காரர் அங்கிருந்தே அப்பாவின் பேரைச் சொல்லிக் கத்துவார். அப்பாவை விட அவருக்குப் பத்து வயது குறைவு. "நாளைக்கு வந்துரு. கொட்டாய் பிரிக்கணும்." அவ்வளவுதான். வேலை இருக்கிறதா, வர முடியுமா என்ற கேள்வியே கிடையாது.

எங்கள் ஊர் நாகை மாவட்டத்தில் ஒரு கடைமடைக் கிராமம். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி வடகிழக்குப் பருவமழையில்தான் பெய்கிறது. எங்கள் பக்கம் அதைவிட அதிகம். அக்டோபர் பாதியில் தொடங்கினால் டிசம்பர் வரை விடாது. அதனால் புரட்டாசி என்பது ஏற்பாட்டு மாதம். மழைக்கு முன்னால் வீட்டையும் கொல்லையையும் தயார் செய்தாக வேண்டும்.

யார் வீட்டை?

நான் எட்டாம் வகுப்பு படித்த வருஷம் அப்பா மூன்று நாள் பண்ணை வீட்டு மாட்டுக்கொட்டகைக்குக் கூரை வேய்ந்தார். பழைய கீற்றைப் பிரித்து, செத்துப்போன வரிச்சை மாற்றி, புதுக்கீற்று அடுக்கி, பாளைக்கயிற்றால் இழுத்துக் கட்டினார். எங்கள் வீட்டுக்கென்று அம்மா முடைந்து வைத்திருந்த கீற்று திண்ணையோரம் கிடந்தது. "கொட்டாய் முடிஞ்சதும் நம்ம வூட்டப் பாத்துக்கலாம்" என்றார் அப்பா. நான்காம் நாள் வைக்கோல் போருக்கு மேடு கட்டக் கூப்பிட்டார்கள். ஐந்தாம் நாள் தென்னைக்கு மட்டை கழிக்க. ஆறாம் நாள் ராத்திரி மழை பிடித்துக்கொண்டது. அந்த வருஷம் மாடுகள் நனையவில்லை. நாங்கள் நனைந்தோம். என் அறிவியல் புத்தகம் ஊறி இரண்டு மடங்கு தடிமனாகிவிட்டது. அரையாண்டுத் தேர்வுக்கு அதை அடுப்பு மேல் காயவைத்துத்தான் படித்தேன்.

இதைக் கண்ணீர்க் கதையாகச் சொல்லவில்லை. ஒரு கணக்காகச் சொல்கிறேன். மழைக்கு முன் இத்தனை நாள்தான் இருக்கிறது. அதில் எத்தனை நாள் யாருடைய கூரைக்குப் போகிறது என்பதுதான் கணக்கு. அந்தக் கணக்கில் சாதி எப்படி வேலை செய்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

எழுவாய் இல்லாத வாக்கியங்கள்

ஒவ்வொரு வருஷமும் மழைக்காலம் நெருங்கும்போது சில கட்டுரைகள் வரும். "நம் கிராமங்களில் அந்தக் காலத்தில்" என்று தொடங்கும். மழைக்கு முன்பே கூரை வேயப்பட்டுவிடும், வாய்க்கால் தூர் வாரப்பட்டுவிடும், விறகு பிளக்கப்பட்டுப் பரணில் ஏறிவிடும், வரட்டி காய்ந்து அடுக்கப்பட்டுவிடும், நெல் அவிக்கப்பட்டுக் குதிரில் சேர்ந்துவிடும், என்ன ஒரு திட்டமிட்ட வாழ்க்கை என்று பெருமூச்சு விடுவார்கள். நகரத்தில் வேலை பார்க்கும் பேரன் எழுதுவான். பாட்டியின் கைப்பக்குவத்தை நினைத்து உருகுவான்.

அந்தக் கட்டுரைகளைக் கையில் பென்சிலோடு படியுங்கள். ஒவ்வொரு வாக்கியத்திலும் எழுவாயைத் தேடி அடிக்கோடு போடுங்கள். கிடைக்காது. எல்லாம் செயப்பாட்டு வினை. வேயப்பட்டது, வாரப்பட்டது, பிளக்கப்பட்டது. வேய்ந்தவர் யார்? வாரியவர் யார்? பாட்டி நெல்லை அவித்தார் என்றால் அண்டாவை அடுப்பில் ஏற்றியவர் யார், களத்தில் காயப்போட்டுக் காவல் இருந்தவர் யார், மேகம் கறுத்ததும் ஓடிவந்து அள்ளியவர் யார்? என் அம்மா. வரட்டி தட்டியவர் என் அம்மா. வாய்க்காலில் இடுப்பளவு சேற்றில் நின்றவர் என் அப்பா, என் சித்தப்பா, எங்கள் தெருவில் பாதிப் பேர்.

அந்த வீட்டுக்குள் அம்மா போனதே கிடையாது. கொல்லை வழியாகப் போய்க் கொல்லை வழியாக வருவார். அவர் அவித்த நெல் உள்ளே போகும். அவர் வெளியே நிற்பார். பேரனின் நினைவில் நெல் இருக்கிறது, குதிர் இருக்கிறது, மழை வாசனை இருக்கிறது. அம்மா இல்லை. மறதி என்று இதைச் சொல்ல மாட்டேன். பார்க்காமல் இருக்கப் பழக்கப்பட்ட கண் அது.

பாடப்புத்தகத்தில் இதற்குப் பெயர் பரஸ்பரம்

முதுகலைச் சமூகவியல் வகுப்பில் ஜஜ்மானி முறையைப் படித்தேன். வில்லியம் வைசர் 1936-ல் எழுதிய புத்தகத்திலிருந்து தொடங்கினார்கள். ஒவ்வொரு சாதியும் மற்றச் சாதிக்குச் சேவை செய்கிறது, பதிலுக்குத் தானியம் பெறுகிறது, கிராமம் ஒருவரை ஒருவர் சார்ந்து இயங்குகிறது என்று கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டினார்கள். தேர்வில் நானும் அந்த அம்புக்குறிகளைப் போட்டு மதிப்பெண் வாங்கினேன்.

பிறகு நூலகத்தில்தான் தெரிந்தது, 1959-லேயே பைடல்மேன் இதை மறுத்து எழுதியிருக்கிறார் என்பது. நிலம் ஒரு கையில் இருக்கும்போது அதைப் பரஸ்பரம் என்று சொல்ல முடியாது, அது சுரண்டல் என்பது அவர் வாதம். எங்கள் வகுப்பில் அதற்கு ஐந்து நிமிஷம்கூட ஒதுக்கவில்லை. தஞ்சைக் கிராமத்தைப் பற்றி ஆந்த்ரே பெத்தேல் எழுதி 1965-ல் வெளியான புகழ்பெற்ற ஆய்வையும் படித்தோம். அவர் தங்கியிருந்தது அக்கிரகாரத்தில். அங்கே தங்கியதாலேயே சேரிக்குள் சகஜமாகப் போய்வர அவரால் முடியவில்லை. ஆய்வாளரின் காலுக்கே எல்லை போடும் ஊர் அது. அந்த ஊரைப் பற்றிய அறிவு எந்தத் தெருவிலிருந்து பார்த்த அறிவாக இருக்கும் என்று யோசியுங்கள்.

சமூகவியல் படிக்கும் தம்பி தங்கைகளுக்குச் சொல்கிறேன். பரஸ்பரம் என்றால் இரண்டு பக்கமும் நடக்க வேண்டும். எங்கள் கூரைக்கு ஒரு வரிச்சுக் கட்ட அந்தத் தெருவிலிருந்து யாராவது ஒருநாள் வந்திருக்கிறார்களா? ஒரே ஒருநாள்? இல்லையென்றால் அம்புக்குறியை ஒரு பக்கம் மட்டும் போடுங்கள்.

சட்டம் போட்டுக் கூப்பிட்டார்கள்

இது ஏதோ பழக்கவழக்கம், கிராமத்து அன்னியோன்னியம் என்று நினைத்துவிட வேண்டாம். மழைக்கால வேலைக்கு ஆள் பிடிக்கச் சட்டமே இருந்தது. 1858-ல் வந்தது சென்னை மாகாணக் கட்டாய உழைப்புச் சட்டம். ஏரிக்கரை உடையும், ஆற்றுக்கரை உடையும் என்ற ஆபத்து வந்தால் உழைக்கும் வகுப்பைச் சேர்ந்த உடல் வலுவுள்ள ஆண்களைக் கட்டாயமாக வேலைக்கு அழைக்கலாம் என்றது அது. குடிமராமத்து என்று இன்று பெருமையோடு பேசுகிறோமே, அதற்கும் அந்தச் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. உழைக்கும் வகுப்பு என்று சட்டம் எழுதியதைக் கிராமம் எந்தத் தெரு என்று படித்திருக்கும்? நிலம் வைத்திருந்தவர் கரையில் நின்றார். நிலம் இல்லாதவர் மண் சுமந்தார். காப்பாற்றப்பட்ட தண்ணீர் நிலத்துக்குப் போயிற்று.

ஏரிப்பாசன ஊர்களில் மடை திறந்து மூடும் நீர்க்கட்டி வேலை பல இடங்களில் பரம்பரையாக எங்கள் மக்களுடையது. ராத்திரி மழையில் ஏரிக்கரையைச் சுற்றிவந்து, எங்கே கசிகிறது என்று பார்த்து, பறை அடித்து ஊரைக் கூப்பிட்டவர்கள் அவர்கள். அந்த ஏரியின் ஆயக்கட்டில் அவர்களுக்கு எத்தனை குழி நிலம் இருந்தது? தண்ணீரைப் பற்றிய அறிவு முழுக்க ஒரு தெருவில். தண்ணீர் பாயும் நிலம் முழுக்க இன்னொரு தெருவில்.

வீடு நின்ற மண்ணாவது எங்களுடையதா என்றால் அதுவும் இல்லை. 1891-ல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் பறையர் நிலைமை பற்றி அரசுக்கு அறிக்கை எழுதினார். பஞ்சமி நிலத்துக்கு வழிவகுத்த அறிக்கை என்று நாம் அதை அறிவோம். அதில் அவர் கவனித்த முக்கியமான விஷயம் குடியிருக்கும் மனை. மனை மிராசுதாருடையது. எதிர்த்துப் பேசினால் வீட்டைக் காலி செய் என்று சொல்லிவிடலாம். சோற்றுக்கு வேறு இடம் தேடலாம்; கூரைக்கு எங்கே போவது? காவிரி டெல்டாவில் குடியிருக்கும் மனைக்கு உரிமை தருகிற குடியிருப்பு அனுபவதாரர் சட்டம் வந்தது 1971-ல். சுதந்திரம் கிடைத்து 24 வருஷம் கழித்து. வெண்மணியில் 44 பேர் எரிந்து மூன்று வருஷம் கழித்து.

1968 டிசம்பர் 25. கூலி உயர்வு கேட்டார்கள், செங்கொடி ஏற்றினார்கள் என்பதற்காக, உயிர் தப்ப ஒரே குடிசைக்குள் ஒளிந்த பெண்களையும் குழந்தைகளையும் முதியவர்களையும் வைத்துக் கொளுத்தினார்கள். குடிசையைப் பற்றி அழகாக எழுதுகிறவர்கள் இதையும் சேர்த்து எழுதட்டும். எங்களுக்குக் கூரை என்பது மழைக்கு மட்டும் பயப்படும் விஷயம் அல்ல.

"இப்போதான் கான்கிரீட் வீடு வந்துடுச்சே"

இந்த இடத்தில் ஒரு குரல் வரும். அதெல்லாம் பழைய கதை, இப்போது அரசாங்கம் எல்லோருக்கும் வீடு கட்டித் தருகிறது என்று. வாருங்கள், பார்ப்போம்.

இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டம் 1985-ல் தொடங்கியது. அதிலும் ஆதிதிராவிடர் நலத் திட்டங்களிலும் கட்டிய தொகுப்பு வீடுகளில்தான் இன்று எங்கள் தெருக்கள் பெரும்பாலும் இருக்கின்றன. ஒரு அறை, ஒரு சமையல் மூலை, ஒரு தளம். ஒப்பந்தக்காரர் சிமெண்டில் அடித்த காசு அவர் வீட்டு மாடியாகியிருக்கும். எங்கள் தளத்தில் கம்பி துரு ஏறி வெளியே தெரிகிறது. புரட்டாசியில் எங்கள் தெருவில் என்ன வேலை நடக்கிறது தெரியுமா? கான்கிரீட் தளத்தின் மேல் தார்ப்பாய் விரித்து ஓரத்தில் செங்கல் வைக்கிறோம். சில வீடுகளில் தளத்தின் மேலேயே கீற்று போட்டுக் கட்டியிருக்கிறார்கள். வீட்டுக்குள் தளத்துக்குக் கீழே சேலையை நாலு மூலையிலும் இழுத்துக் கட்டுகிறார்கள். தண்ணீருக்காக இல்லை. ராத்திரி தூங்கும் பிள்ளை மேல் காரை பெயர்ந்து விழாமல் இருக்க.

2001-க்கு முன் கட்டிய இரண்டரை லட்சம் ஊரக வீடுகளைச் சீரமைக்க 2024-ல் அரசு ஒரு திட்டம் அறிவித்தது. குடிசைகளை மாற்ற 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தில் வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் என்றும் அறிவித்தது. வரவேற்கிறேன். என் வேலையே அந்த விண்ணப்பங்களை எழுதுவதுதான். ஆனால் அந்த விண்ணப்பத்தின் முதல் கேள்வியிலேயே பாதிப் பேர் நின்றுவிடுகிறார்கள்: பட்டா இருக்கிறதா? புறம்போக்கில் மூன்று தலைமுறையாக இருப்பவருக்குப் பட்டா இல்லை. பட்டா கிடைத்தவருக்கோ சில ஊர்களில் காகிதம் கையில் இருக்கிறது, நிலம் எங்கே என்று யாரும் அளந்து காட்டவில்லை. அளந்து காட்டிய இடத்துக்குப் போனால் நெஞ்சளவு கருவேலம், முழங்கால் தண்ணீர்.

கட்டுரை எழுதும் பேரன்கள் கொல்லைத் தோட்டத்தையும் விடமாட்டார்கள். மழைக்கு முன் முருங்கைக் கிளையை வெட்டிவிட வேண்டும், அவரைக்குப் பந்தல் போட வேண்டும், பாத்தியில் தண்ணீர் தேங்காமல் வடிகால் எடுக்க வேண்டும் என்று குறிப்பு தருவார்கள். நல்ல குறிப்புதான். முருங்கை மரம் காற்றுக்கு நிற்காது, முன்கூட்டியே கழித்துவிட்டால் மழைக்குப் பின் தழைத்து வரும். இதை எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், ஏனென்றால் அடுத்தவர் கொல்லையில் செய்த வேலை அது. எங்களுக்குக் கிராமத்தில் தரும் மனை மூன்று சென்ட். வீடு, அடுப்படி, கழிப்பறை, ஆடு கட்ட இடம் போக மிச்சம் எங்கே? ஒரு முருங்கைப் போத்து ஊன்றினால் கிளை பக்கத்து வீட்டுச் சுவரில் இடிக்கும். தோட்டம் போடத் தெரியாததால் எங்கள் தெருவில் தோட்டம் இல்லாமல் போகவில்லை. தோட்டம் என்பது நிலப் பிரச்சினை.

பள்ளத்தில் வைத்துவிட்டு வடிகால் பற்றிப் பேசுகிறார்கள்

உங்கள் கிராமத்தின் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். மேடான இடத்தில் ஊர். தண்ணீர் வடிந்து ஓடும் பக்கம் சேரி. ஏரி நிரம்பினால் முதலில் தண்ணீர் வரும் இடம், வாய்க்கால் உடைந்தால் முதலில் நனையும் இடம் எங்களுடையது. ஒவ்வொரு முறையும் சாலையின் மேல் சாலை போட்டு உயர்த்துகிறார்கள். சாலை ஒரு அடி ஏறினால் எங்கள் வாசல் ஒரு அடி இறங்குகிறது. அப்புறம் அரசு அறிவிப்பு வருகிறது: வீட்டைச் சுற்றித் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், முக்கிய ஆவணங்களைப் பத்திரப்படுத்துங்கள், உலர் உணவு சேமித்து வையுங்கள். ஆவணத்தைப் பாலித்தீன் பையில் சுற்றிக் கைமரத்தில் கட்டித் தொங்கவிடுவது எங்களுக்குப் பழக்கம்தான். ரேஷன் கார்டு, ஆதார், பிள்ளைகளின் சாதிச் சான்றிதழ். அந்தச் சான்றிதழ் நனைந்தாலும் ஊர் எங்கள் சாதியை மறக்காது. ஆனால் கல்லூரி அலுவலகம் ஒத்துக்கொள்ளாது.

2019 டிசம்பர் 2, விடியற்காலை. மேட்டுப்பாளையம் நடூர். மழையில் ஊறிய சுற்றுச்சுவர் ஒன்று சரிந்து அருந்ததியர் குடியிருப்பின் மேல் விழுந்தது. தூக்கத்திலேயே 17 பேர் செத்துப்போனார்கள். ஏறக்குறைய 20 அடி உயரச் சுவர். ஒரு வீட்டின் சுற்றுச்சுவருக்கு எதற்கு 20 அடி? அந்தச் சுவர் ஆபத்தானது என்று அங்கே இருந்த மக்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். கேட்பார் இல்லை. தீண்டாமைச் சுவர் என்று நம் இயக்கங்கள் அதைச் சொன்னபோது இல்லை, அது மழையால் நடந்த விபத்து என்றார்கள். நியாயம் கேட்டுப் போராடியவர்களைத்தான் போலீஸ் அடித்துக் கைது செய்தது.

மழையால் நடந்தது என்பது பாதி உண்மை. மழை எல்லா வீட்டின் மேலும் பெய்தது. சுவருக்கு இந்தப் பக்கம் 17 பேர், அந்தப் பக்கம் ஒருவரும் இல்லை. மழைக்கால முன்னேற்பாடு என்ற ஒன்று உண்மையிலேயே இந்த நாட்டில் இருந்தால், அந்தச் சுவரை ஐப்பசிக்கு முன் இடிப்பதுதான் அந்த ஊரின் முதல் வேலையாக இருந்திருக்க வேண்டும்.

இன்னொரு மழைக்கால வேலையைப் பற்றி எந்தக் கட்டுரையும் சொல்லாது. சுடுகாட்டுப் பாதை. பல ஊர்களில் எங்கள் சுடுகாட்டுக்குப் பாதை கிடையாது. வயல் வழியாகத்தான் போக வேண்டும். கோடையில் யாரும் கண்டுகொள்வதில்லை. கார்த்திகையில் நடவு முடிந்து வயலில் தண்ணீர் நிற்கும்போது ஒரு சாவு விழுந்தால், பிணத்தைத் தோளில் வைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடக்க வேண்டும். வரப்பை மிதித்ததற்கு, பயிரை மிதித்ததற்கு வசவு வேறு. எங்கள் தெரு வயசாளிகள் புரட்டாசியில் ஒரு வேடிக்கை பேசுவார்கள்: "மழைக்குள்ள போயிரணும்டா, இல்லன்னா தை வரைக்கும் தாக்குப் பிடிக்கணும்." சாவுக்குக்கூடப் பருவம் பார்க்க வேண்டிய மக்கள் நாம்.

"கூலி வாங்கிக்கிட்டுத்தானே செய்றாங்க?"

இந்தக் கேள்வியை நண்பர்களே கேட்பார்கள். பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கூலி வாங்கிக்கொண்டுதான் செய்கிறோம். கூரை வேய்வது இழிவான வேலை இல்லை. அது பெரிய கைத்தொழில். சரிவு எவ்வளவு வைத்தால் தண்ணீர் நிற்காது, கீற்றின் எந்தப் பக்கம் மேலே வர வேண்டும், காற்று எந்தத் திசையில் தூக்கும் என்று அப்பாவுக்குத் தெரிந்தது எந்தப் பொறியாளரின் அறிவுக்கும் குறைந்ததில்லை. என் வழக்கு வேலையோடு இல்லை. அந்த வேலையை மறுக்கும் உரிமை இருக்கிறதா என்பதோடு. பேர் சொல்லிக் கூப்பிட்டால் போயே ஆக வேண்டும் என்றால், போகாவிட்டால் நடவுக்கும் கூப்பிட மாட்டார்கள், கடனும் கிடைக்காது, வரப்பில் ஆடு மேய்க்க விடமாட்டார்கள் என்றால், அதற்குப் பெயர் கூலி வேலை இல்லை.

சின்ன விவசாயிகளும் கஷ்டப்படுகிறார்களே என்பார்கள். உண்மை. ஊர்த் தெருவிலும் ஒரு ஏக்கர் வைத்துக்கொண்டு தானே சேற்றில் இறங்குகிறவர் இருக்கிறார். அவர் வாய்க்கால் வெட்டுவது அவர் வயலுக்கு. அவர் கூரை வேய்வது அவர் வீட்டுக்கு. தன் வீட்டுக் கூரையைப் பாதியில் விட்டுவிட்டு வா என்று அவரை யாரும் மதகில் நின்று கூப்பிடுவதில்லை. வறுமை எங்கள் இருவருக்கும் பொது. அழைப்பு எங்களுக்கு மட்டும்.

1948 நவம்பர் 4-ம் தேதி, இதே ஐப்பசி மாதத்தில், அரசியல் சாசன அவையில் வரைவுச் சட்டத்தை முன்வைத்துப் பேசினார் அண்ணல் அம்பேத்கர். கிராமத்தைச் சாசனத்தின் அடிப்படையாக வைக்கவில்லையே என்று கேட்டவர்களுக்கு, கிராமம் குறுகிய பற்றின் சாக்கடை, வகுப்புவாதத்தின் குகை என்ற பொருளில் பதில் சொன்னார். தனிமனிதரை அடிப்படையாக வைத்ததற்கு மகிழ்ச்சி தெரிவித்தார். இன்றைக்கும் கிராமத்தைப் பற்றி உருகி எழுதும் ஒவ்வொரு கட்டுரைக்கும் அந்தப் பேச்சு பதிலாக நிற்கிறது.

புரட்டாசியில் நாம் செய்ய வேண்டிய வேலை

மாணவத் தோழர்களுக்குச் சில வேலைகளைச் சொல்லி முடிக்கிறேன். கோபப்பட்டுவிட்டுப் போனால் மழை நிற்காது.

அக்டோபர் 2 கிராமசபை சரியாகப் புரட்டாசியில் வருகிறது. நவம்பர் 1 உள்ளாட்சி நாள் கிராமசபை மழைக்கு நடுவில் வருகிறது. மற்றக் கூட்டத்துக்குப் போகாவிட்டாலும் இந்த இரண்டுக்கும் போங்கள். போவதற்கு ஒரு வாரம் முன் உங்கள் தெருவை நடந்து பாருங்கள். போன வருஷம் தண்ணீர் எந்த வீட்டுச் சுவரில் எவ்வளவு உயரம் நின்றது என்று கறை பார்த்து அளந்து எழுதுங்கள். தளத்தில் கம்பி தெரியும் வீடுகளைப் படம் எடுங்கள். சாயும் நிலையில் இருக்கும் சுவரை, அது யாருடைய சுவராக இருந்தாலும், படம் எடுங்கள். சுடுகாட்டுப் பாதையின் சர்வே எண்ணைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு வாங்குங்கள். தரவில்லையென்றால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. இவற்றைத் தீர்மானமாக எழுதிக் கொடுத்துப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். பதிவேட்டில் ஏறிய பிறகு ஒரு சுவர் விழுந்தால் யாரும் அதை விபத்து என்று சொல்லித் தப்ப முடியாது.

சட்டத்தைக் கையில் வைத்திருங்கள். 2015 திருத்தத்துக்குப் பிறகு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் கூலியில்லாக் கட்டாய வேலை வாங்குவது மட்டுமல்ல, செத்த மாட்டை அப்புறப்படுத்து, குழி தோண்டு என்று கட்டாயப்படுத்துவதும் தண்டனைக்குரிய குற்றம். மழைக்காலத்தில் ஊர் மாடு செத்தால் எந்தத் தெருவைக் கூப்பிடுகிறார்கள் என்று கவனியுங்கள். மழைக்கு முன் ஊராட்சிச் சாக்கடையில் கையுறை இல்லாமல் இறக்கப்படும் தூய்மைக் காவலர் யார், எந்தச் சாதி என்பதையும் கவனியுங்கள். அவர்களில் பெரும்பாலானவர்கள் நம் அம்மாக்கள்.

நிவாரணத்தை உரிமையாகக் கேளுங்கள்; ஆனால் நிவாரணத்தோடு நிறுத்தாதீர்கள். 2024 ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு முழுக்கச் சேதமான குடிசைக்கு அரசு அறிவித்த தொகை 10,000 ரூபாய். அந்தப் பணத்தில் அதே பள்ளத்தில் அதே குடிசையைக்கூட முழுசாகக் கட்ட முடியாது. மேட்டில் மனை கேளுங்கள். நமக்கு மனை எடுக்கவென்றே 1978-ல் தமிழ்நாட்டில் நில எடுப்புச் சட்டம் ஒன்று போட்டிருக்கிறார்கள். ஊருக்கு நடுவில், தண்ணீர் ஏறாத இடத்தில், தோட்டம் போடும் அளவுக்கு இடம் கேளுங்கள். மூன்று சென்ட் போதும் என்று யார் முடிவு செய்தது என்று கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. இப்போது சைக்கிள் வருவதில்லை. செல்போனில் கூப்பிடுகிறார்கள். காரியக்காரருக்குப் பதிலாகப் பண்ணை வீட்டுப் பேரன். வயசு இருபத்தைந்து இருக்கும். அப்பாவுக்கு அறுபத்து நாலு. இன்னும் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறான். போன புரட்டாசியில் அழைப்பு வந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "எங்க வூட்டு வேலை கெடக்கு. முடிச்சிட்டுச் சொல்றேன்."

எதிர்முனையில் என்ன சொன்னான் என்று அப்பா சொல்லவில்லை. அந்த வருஷம் நடவுக்கு எங்கள் வீட்டிலிருந்து யாரையும் கூப்பிடவில்லை. அறுப்புக்கும் கூப்பிடவில்லை. அம்மாவுக்குக் கோபம்தான். "ஒரு வார்த்தைக்கு ஒரு வருஷக் கூலிய வுட்டாச்சு, நீ படிச்சது போதாதுன்னு அவரையும் கெடுத்துட்ட, பாப்பா" என்று என்னைத் திட்டினார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஒரு தனி வீடு தனியாகச் சொன்னால் அந்த வீடு பட்டினி கிடக்கும். தெருவே சேர்ந்து சொல்ல வேண்டிய வார்த்தை அது. தெருவைச் சேர்ப்பதுதான் என்னைப் போன்றவர்களும் உங்களைப் போன்றவர்களும் செய்ய வேண்டிய வேலை. அதை இன்னும் நாம் முடிக்கவில்லை.

ஆனால் அந்த ஐப்பசியில் எங்கள் வீட்டுக்குள் ஒரு சொட்டு ஒழுகவில்லை. அப்பா மழைக்கு ஒரு வாரம் முன்பே தார்ப்பாயைக் கட்டி, ஓரத்துக்கு மண் அணைத்து, வாசலில் வடிகால் வெட்டி முடித்திருந்தார். எனக்குத் தெரிந்து எங்கள் வீட்டுக் கூரை முதலில் முடிந்த முதல் வருஷம் அதுதான்.

அடுத்த புரட்டாசிக்குள் எத்தனை தெருக்களில் அப்படிச் சொல்ல வைக்கப் போகிறோம்?

ஜெய்பீம்.